வில்ஃபுல்: கடன் பத்திரத்தில் ஒரு சிறு சொல்



வியாபாரச் சகோதரர்களே, உங்கள் லாச்சியில் இருக்கும் கடதாசிகளை ஒரு நாள் வெளியே எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடன் ஒப்பந்தம், கடைக்கு எடுத்த காப்புறுதிப் பத்திரம், வரி சம்பந்தமான கடிதங்கள். சிறிய எழுத்தில் அச்சடித்த பந்திகளுக்குள் ஒரு ஆங்கிலச் சொல் அடிக்கடி கண்ணில் படும். வில்ஃபுல். வில்ஃபுல் டிஃபோல்ட், வில்ஃபுல் மிஸ்கொண்டக்ட், வில்ஃபுல் நெக்லெக்ட் என்று வேறு வேறு சொற்களோடு சேர்ந்து வரும்.

கையெழுத்துப் போடும் நாளில் அதை யாரும் வாசிப்பதில்லை. காசு கைக்கு வரும் நாள் அது. அதை வாசிக்கும் நாள் பிறகு வருகிறது. தவணை தவறி, வங்கியிலிருந்தோ சட்டத்தரணியிடமிருந்தோ கடிதம் வந்த பிறகு, பிள்ளைகளில் ஆங்கிலம் படித்தவரைக் கூப்பிட்டு "இதென்ன சொல்?" என்று கேட்கிறோம். பிள்ளை அகராதியைப் பார்த்து "வேண்டுமென்றே செய்தல்" என்கிறது. உடனே நமக்குக் கோபம் வருகிறது. "நான் வேண்டுமென்றா கட்டாமல் இருக்கிறேன்? வியாபாரம் படுத்ததால்தானே?"

கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் கேட்கும் கேள்வி நாம் நினைக்கும் கேள்வி அல்ல. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது?

ஆங்கிலத்தில் 'வில்' என்றால் மனவிருப்பம், நாட்டம். அது நிறைந்தது வில்ஃபுல். வீட்டுப் பேச்சில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சொல்வழி கேளாத, தான் பிடித்ததே பிடி என்று நிற்கும் பிள்ளையையும் வில்ஃபுல் என்பார்கள். இரண்டு பொருளையும் சேர்த்து மனதில் வையுங்கள். சட்டக் கடதாசியில் இந்தச் சொல் வரும்போது பிடிவாதத்தின் வாடையும் கொஞ்சம் அதில் இருக்கும்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'வேண்டுமென்றே' என்ற ஒரே சொல்லில் போட்டு விடுகிறோம். ஆங்கிலச் சட்டக்காரர்கள் அப்படி விடுவதில்லை. தெரியாமல் செய்தது ஒன்று. கவனமில்லாமல் செய்தது இன்னொன்று. என்ன வந்தாலும் வரட்டும் என்று செய்தது மூன்றாவது. திட்டம் போட்டுச் செய்தது நாலாவது. கடைக்காரனுக்குப் புரியும் விதத்தில் ஒரு உதாரணம் சொல்கிறேன்.

கடையில் தராசு பிழையாக இருக்கிறது. கிலோவுக்கு இருபது கிராம் குறைவாக நிறுக்கிறது. முத்திரை குத்திய தராசுதான், இடையில் கெட்டு விட்டது, உங்களுக்குத் தெரியாது. இது பிழை. தராசைப் பல மாதமாகச் சரிபார்க்கவே இல்லை, நினைவும் வரவில்லை. இது கவனக்குறைவு. கடைப் பையன் வந்து "முதலாளி, தராசு சரியில்லை போல, ஆட்கள் சொல்கிறார்கள்" என்கிறான். "இப்போது சீசன், பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அதே தராசில் நோன்புப் பெருநாள் வியாபாரத்தை முடிக்கிறீர்கள். இது மூன்றாவது படி. படிக்கல்லை நீங்களே அராவினால் அது நாலாவது.

நாலாவது வில்ஃபுல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் மூன்றாவதில்தான். "நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை" என்று அந்த முதலாளி சத்தியம் செய்யலாம். அவர் மனதில் ஏமாற்றும் எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவருக்குச் சொல்லப்பட்டது, திருத்த வழி இருந்தது, திருத்தவில்லை. சரியோ பிழையோ எனக்குக் கவலையில்லை என்று நடப்பதையும் ஆங்கில நீதிமன்றங்கள் பல வழக்குகளில் வில்ஃபுல் என்ற சொல்லுக்குள்ளேயே கொண்டு வந்திருக்கின்றன. சொல் வரும் இடத்தைப் பொறுத்துப் பொருள் கொஞ்சம் விரியும், கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் மூன்றாவது படியில் நிற்பவர் தான் வெளியே இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. வில்ஃபுல் பிளைண்ட்னஸ் என்பார்கள், அறிந்தே கண்ணை மூடிக்கொள்வது. ஒருவர் பாதி விலைக்குக் கைத்தொலைபேசிகளை மூட்டையாகக் கொண்டு வருகிறார். பில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் கேட்காமல் வாங்குகிறீர்கள். பிறகு "எனக்குத் தெரியாது" என்றால் செல்லாது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டு விடுமா? கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விடுவதும் ஒரு செயல்தான்.

காப்புறுதியில் இந்தச் சொல்

கப்பலில் சரக்கு இறக்குமதி செய்பவர்களுக்கு இன்ஸ்டிடியூட் கார்கோ குளோசஸ் என்ற நிபந்தனைகள் தெரிந்திருக்கும். அதில் 'ஏ' வகைதான் ஆகக் கூடிய பாதுகாப்புத் தருவது. அந்த வகையிலும் எவையெவைக்கு இழப்பீடு இல்லை என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது, காப்புறுதி எடுத்தவருடைய வில்ஃபுல் மிஸ்கொண்டக்டால் வந்த நட்டம். 1906 ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கடல் காப்புறுதிச் சட்டம் சொன்ன விதி அது. 1852 ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் மூலம் கடல் விவகாரங்களிலும் பல வணிக விவகாரங்களிலும் ஆங்கிலச் சட்டம் இலங்கைக்குள் வந்தது. ஆகவே அந்த விதி நமக்கும் தூரமானதல்ல.

இங்கே இந்தச் சொல் வியாபாரிக்கு எதிராக மட்டும் நிற்கிறது என்று நினைத்து விடாதீர்கள். ஒரு வகையில் அது நமக்குக் காவல். வில்ஃபுல் என்று எழுதியிருப்பதால், சாதாரண மறதியும் கவனக்குறைவும் அந்த விலக்குக்குள் வராது. மனிதன் கவனக்குறைவானவன் என்பதற்காகத்தானே காப்புறுதி எடுக்கிறான். காப்புறுதிக்காரர் இழப்பீட்டை மறுத்துக் கடிதம் அனுப்பினால், எந்த விலக்கைக் காட்டி மறுக்கிறார் என்று முதலில் பாருங்கள். வில்ஃபுல் என்ற சொல்லைக் காட்டினால் அதை நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் இருக்கிறது. பத்திரத்தில் வேறு நிபந்தனைகள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் நடந்தது

இந்தச் சொல்லுக்கு வியாபார உலகில் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்த நாடு இந்தியா. அங்கே 1999 இலிருந்து 'வில்ஃபுல் டிஃபோல்டர்' என்று ஒரு பட்டியல் முறை இருக்கிறது. ரிசர்வ் வங்கி வகுத்த முறை. 2024 ஜூலை 30 இல் அதைப் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டார்கள். இந்திய ரூபாயில் 25 இலட்சமும் அதற்கு மேலும் நிலுவை வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலுக்குள் வரலாம். பட்டியலில் பெயர் ஏறினால் வங்கிகள் புதுக் கடன் கொடுக்காது.

யாரை வில்ஃபுல் என்பது? ரிசர்வ் வங்கி சொல்லும் முக்கியமான அடையாளங்கள் நான்கு.

ஒன்று, கட்ட வசதி இருந்தும் கட்டாதவர்.

இரண்டு, எந்தக் காரியத்துக்கென்று கடன் எடுத்தாரோ அதற்குப் பயன்படுத்தாமல் வேறு காரியத்துக்குத் திருப்பி விட்டவர்.

மூன்று, கடன் பணத்தைத் தொழிலுக்கு வெளியே கடத்தி, அது எங்கே என்று காட்ட முடியாமல் நிற்பவர்.

நான்கு, ஈடாக வைத்த சொத்தையோ சரக்கையோ வங்கிக்குத் தெரியாமல் விற்றவர்.

மெதுவாக இன்னொரு தடவை வாசியுங்கள். முதலாவதில் மட்டும்தான் 'கட்ட மனமில்லை' என்ற பேச்சு வருகிறது. மற்ற மூன்றும் மனதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பணம் எந்த வழியால் போனது, சொத்து எங்கே போனது என்றே கேட்கின்றன. ஒருவர் திருப்பிக் கட்டவேண்டும் என்று உண்மையாக நினைத்துக்கொண்டே இரண்டாவது அடையாளத்துக்குள் விழுந்து விடலாம்.

விஜய் மல்லையாவின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய கிங்ஃபிஷர் விமானக் கம்பனி 2012 ஒக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. 2014 இல் யுனைட்டெட் பேங்க் ஒஃப் இந்தியா அவரை வில்ஃபுல் டிஃபோல்டர் என்று அறிவித்தது. அந்த வருட முடிவிலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்துச் செய்தது. மூன்று பேர் இருக்க வேண்டிய குழுவில் நான்கு பேர் இருந்தார்கள் என்பது காரணம். பிறகு 2015 இல் ஸ்டேட் பேங்க் முறைப்படி அறிவித்தது. 2016 மார்ச்சில் அவர் நாட்டை விட்டுப் போனார்.

மல்லையா நல்லவரா கெட்டவரா என்பது நமக்குத் தேவையில்லை. அந்தக் குழு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு மனிதனை 'வேண்டுமென்றே கட்டாதவன்' என்று எழுதுவது அவ்வளவு பாரதூரமான காரியம் என்பதால், குழுவில் ஒரு ஆள் கூடினாலும் நீதிமன்றம் விடவில்லை. 2019 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றமும், குழுவின் முடிவைக் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு எதிராக அவர் எழுதிக் கொடுக்க இடம் விட வேண்டும் என்று சொன்னது. வங்கிக்கே அந்தச் சொல்லைப் பாவிக்க இவ்வளவு கட்டுப்பாடு. நாம் பள்ளிவாசல் முன்றலில் நின்று எவ்வளவு இலேசாகச் சொல்லி விடுகிறோம்! அதற்குப் பிறகு வருகிறேன்.

நமது நாட்டுச் சட்டத்தில்

நமது தண்டனைச் சட்டக் கோவை 1883 ஆம் ஆண்டினது. இந்தியாவின் 1860 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஒருவருக்கு நியாயமில்லாத இலாபமோ இன்னொருவருக்கு நியாயமில்லாத நட்டமோ வரவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வதையே அது நேர்மையற்ற செயல் என்கிறது.

அந்த இந்தியச் சட்டத்தில் மோசடியை விளக்க ஒரு அவுரி வியாபாரியை உதாரணமாக வைத்தார்கள். அவுரி தருகிறேன் என்று முற்பணம் வாங்குகிறார், கொடுக்கவில்லை. வாங்கும்போதே கொடுக்கும் எண்ணம் இல்லையென்றால் அது மோசடி, சிறைக்குரிய குற்றம். வாங்கும்போது கொடுக்கத்தான் நினைத்தார், பிறகு வாக்குத் தவறினார் என்றால் அது மோசடி அல்ல, குடியியல் வழக்குப் போட்டுக் காசை வாங்கலாம். இரண்டு பேரும் கொடுக்கவில்லை. இரண்டு பேரையும் பிரிப்பது முதல் நாளில் இருந்த எண்ணம்.

காசோலையிலும் இதுதான். 1990 ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டம், கணக்கில் பணம் இல்லை என்று அறிந்துகொண்டே காசோலை எழுதுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 'அறிந்துகொண்டே' என்பதுதான் அங்கே உயிர்ச் சொல். புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்து, மூன்று மாதத்துக்கு டேட் போட்டுச் செக் கொடுப்பது நம் பகுதியில் அன்றாட வழக்கம். அந்தச் செக்கை எழுதும்போது, அந்தத் திகதிக்கு என்ன வரவு வரும், அதே வாரத்தில் வேறு எத்தனை செக் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பவருக்கு, செக் திரும்பினாலும் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. கணக்குப் பார்க்காமல் "அல்லாஹ் தருவான்" என்று ஐந்து பேருக்கு ஒரே திகதியில் செக் எழுதுபவர் தவக்குலைப் பிழையாக விளங்கியவர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே பாரம் சாட்டும்படி நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

வரிச் சட்டத்திலும் இதே வேறுபாடு உண்டு. பழைய வருடக் கணக்கைத் திரும்பக் கிண்டுவதற்கு இறைவரித் திணைக்களத்துக்குக் கால எல்லை இருக்கிறது. மோசடியோ வில்ஃபுல் நெக்லெக்ட் என்னும் மனமறிந்த அசட்டையோ இருந்தால் அந்த எல்லை வியாபாரிக்குத் துணைக்கு வராது.

கல்லடியிலும் காத்தான்குடியிலும்

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கல்முனை வீதியில் கடை வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் கடை என்றால் ஒதுங்கிப் போன காலம் ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டியது. அந்த வருடம் ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டி வீதங்களை ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. இவற்றில் எதையும் நம் வியாபாரி வேண்டுமென்று செய்யவில்லை. 2024 இல், நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு இருக்கும் பராட்டே அதிகாரத்தைப் பாராளுமன்றம் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்ததும் இதை உணர்ந்துதான். அந்த நேரத்தில் வங்கிக்காரர் பக்கத்திலிருந்து வந்த மறுப்பு என்ன? கட்ட முடியாதவரோடு சேர்ந்து, கட்ட முடிந்தும் கட்டாதவரும் தப்பிக்கிறார் என்பதே.

இந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு ஹாட்வெயார் முதலாளி. ஐந்து நேரத் தொழுகையாளி, யாரையும் ஏமாற்றாதவர். சரக்குக்கென்று வங்கியில் முப்பது இலட்சம் எடுத்தார். அந்த நேரம் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் நடப்பது அரிது. "வியாபாரத்தில் வரும், திரும்ப வைத்து விடலாம்" என்று பாதிக்கு மேல் வீட்டுக்குள் போனது. கூரை போட்டு முடியும்போது 2022 வந்தது. சரக்கு இல்லை, சீமெந்து விலை ஏறி ஆட்கள் வீடு கட்டுவதையே நிறுத்தினார்கள். தவணைகள் நின்றன. வங்கி கணக்கறிக்கையும் சரக்குப் பில்லும் கேட்டது. அவரிடம் காட்ட இருந்தது மகளின் வீடு மட்டும்தான்.

கடிதத்தில் அந்த ஆங்கிலச் சொல் வந்தது. "காக்கா, என் நிய்யத்து அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். உண்மைதான், அவருடைய நிய்யத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வங்கி அதிகாரி கேட்டது நிய்யத்தை அல்ல. சரக்குக்கு என்று எழுதிக் கொடுத்த பணம் சரக்குக்குப் போனதா என்பதையே கேட்டார். போகவில்லை. அந்த வீட்டை எழுதி வைத்தாவது கடனை மாற்றிக் கட்டலாம் என்றால், வீடு மகளின் பேரில். மருமகன் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வேறு. இன்றைக்கும் அந்தக் குடும்பம் முழு நிம்மதியில் இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரத்தில், ஒரு தமிழ்ச் சகோதரர் புடவைக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் அதே வருடம் அதே அடி. தவணை தவறுவதற்கு ஒரு மாதம் முந்தியே கணக்குக் கொப்பி, இருப்புப் பட்டியல், வரவேண்டிய கடன் விபரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முகாமையாளரிடம் போனார். "சேர், இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். வட்டி குறையவில்லை, கஷ்டமும் தீரவில்லை. ஆனால் அவருக்கு வந்த எந்தக் கடிதத்திலும் அந்தச் சொல் இல்லை.

மார்க்கம் சொல்வது

நம்மில் பலர் இதை வங்கிக்காரனின் சட்டம் என்று நினைக்கிறோம். இந்த வேறுபாடு நமக்கு ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முந்தியே சொல்லப்பட்டது. குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 5ஆம் வசனம், தவறுதலாக நேர்ந்ததையும் உள்ளங்கள் வேண்டுமென்றே செய்ததையும் பிரித்துக் காட்டுகிறது. கடன் விஷயத்தில் 2ஆம் அத்தியாயம் 280ஆம் வசனம், கஷ்டத்தில் இருக்கும் கடன்காரருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது. தர்மமாக விட்டு விடுவது அதைவிடச் சிறந்தது என்கிறது. மறுபக்கம், வசதி உள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். கட்ட முடியாதவன், கட்டாதவன் என்ற இரண்டு பேரையும் இதைவிடத் தெளிவாகப் பிரிக்க முடியாது.

பஹ்ரைனில் இருக்கும் அயோஃபி என்ற இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நியம அமைப்பும் இதே வழியில் நிற்கிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பவர் ஒரு தொகையைத் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். அந்தப் பணத்தை நிறுவனம் தன் வருமானமாக எடுக்கக் கூடாது. வசதி இல்லாதவருக்கு அது பொருந்தாது.

அப்படியானால் ஒருவருக்கு வசதி இருக்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது? உஸாமா (ரலி) அவர்களின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். போர்க்களத்தில் ஒருவர் கலிமாச் சொன்ன பிறகும் அவரை வெட்டி விட்டு, பயத்தில்தான் சொன்னார் என்று உஸாமா (ரலி) காரணம் கூறினார்கள். அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபியவர்கள் அவரைக் கண்டித்தார்கள். உள்ளத்தைப் பார்ப்பது மனிதனின் வேலை அல்ல. அதனால்தான் ஃபிக்ஹு அறிஞர்கள், கொலை வழக்கில் ஒருவன் எண்ணிச் செய்தானா என்று பார்க்க அவன் கையிலிருந்த ஆயுதத்தைப் பார்த்தார்கள். வாளால் வெட்டியவன் "கொல்ல நினைக்கவில்லை" என்றால் ஏற்றுக்கொள்வதில்லை. வெளியே தெரியும் அடையாளத்தை வைத்தே தீர்ப்பு.

கடனிலும் அடையாளங்கள்தான் பேசும். பணம் போன வழி, எழுதி வைத்த கணக்கு, தவணைக்கு முந்திச் சொன்னீர்களா பிந்திச் சொன்னீர்களா, போன் அடித்தால் எடுத்தீர்களா. நிய்யத்துக்குக் கூலி அல்லாஹ்விடம் உண்டு. மனிதர்களிடம் அந்த நிய்யத்துக்குச் சாட்சி நீங்கள்தான் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கடன் எடுக்கும்போது காரணத்தை உண்மையாக எழுதுங்கள். மகளின் வீட்டுக்கென்றால் வீட்டுக்கென்றே கேளுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டைச் சிறிதாகக் கட்டுங்கள். வியாபாரத்துக்கு எடுத்ததை வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் இரண்டு வங்கிப் புத்தகத்தில் இருக்கட்டும்.

சரக்குப் பில்களை எறியாதீர்கள். கடனைப் பற்றிய மிக நீளமான வசனம் எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான்.

தவணை தவறும் என்று தெரிந்தால் தவறுவதற்கு முதல் எழுத்தில் அறிவியுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு சாட்சிக்கு வராது. முடிந்த தொகையை, ஐயாயிரம் என்றாலும், ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள். 1990 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகத்தில், நாம் கிரிப் என்று சொல்லும் இடத்தில், உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். எடுத்துப் பாருங்கள், பிழை இருந்தால் திருத்தக் கேளுங்கள்.

ஈடு வைத்த வாகனத்தையோ சரக்கையோ வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றாதீர்கள். அந்த ஒரு காரியம் போதும், நல்ல மனிதனையும் அந்தச் சொல்லுக்குள் தள்ளி விடும்.

கடிதத்தில் அந்தச் சொல் வந்து விட்டால் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். பதில் எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு அடையாளமாகப் போய் விடும். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று சட்டத்தரணி மூலம் கேளுங்கள். அந்த நாள் கணக்கும் வட்டி உயர்ந்த கடிதங்களும் அப்போது கைகொடுக்கும்.

கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மில் பாதிப் பேர் கடன் வாங்கியவர்கள், பாதிப் பேர் கொடுத்தவர்கள். பலர் இரண்டுமே. உங்கள் செக் திரும்பினால் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஜும்ஆவுக்குப் பிறகு நாலு பேர் முன்னால் "அவன் ஏமாற்றுக்காரன்" என்று சொல்வதற்கு முதல், அந்த இந்தியக் குழுவை நினையுங்கள். காகிதம் பார்த்தீர்களா? அவரைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா? பதில் சொல்ல நாள் கொடுத்தீர்களா? நம் பகுதியில் வியாபாரம் நடப்பது நம்பிக்கையில். ஒருவர் பெயர் கெட்டால் புறக்கோட்டையிலிருந்து அவருக்கு வரும் லொறி நின்று விடும். லொறி நின்றால் உங்கள் கடனும் வராது.

விசாரித்துப் பார்த்து, வசதி இருந்தும் இழுத்தடிக்கிறார் என்று தெரிந்தால் வழக்குப் போடுங்கள், அது உங்கள் உரிமை. வசதி இல்லையென்று தெரிந்தால் தவணை கொடுங்கள். அது உங்கள் மீதான கடமை.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கடன் ஒப்பந்தத்தை எடுத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வில்ஃபுல் என்ற சொல் எந்தப் பந்தியில், எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு அந்தக் கடன் பணம் எங்கெங்கே போனது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எழுத முடியாமல் எங்காவது நின்றால், வங்கி கேட்பதற்கு முதல் அந்த இடத்தைச் சரிசெய்யப் பாருங்கள்.